கார் பெயிண்ட்ட வீட்லயே பாலிஷ் போடப் போறீங்களா, முதல்ல இத படிங்க

பெங்களூர்ல டீடெய்லிங், அதாவது வண்டிய சுத்தம் பண்ணி பாலிஷ் போட்டு பெயிண்ட்ட மீட்டெடுக்கற வேலை, பாக்குறவங்க யாரா இருந்தாலும், ஒரு பழைய வண்டி உள்ள வந்து நின்னதும் ஓனர்கிட்ட முதல்ல கேக்குறது "இதுக்கு முன்னாடி இத யாராச்சும் தேய்ச்சிருக்காங்களா?"ன்னு தான். நிறைய பேரு முழிப்பாங்க, அப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வரும், ஷோரூம்ல ஒரு தடவ பாலிஷ் போட்டாங்க, சர்வீஸ்ல ரப்பிங் அடிச்சாங்க, நானும் வீடியோ பாத்து பானெட்ட மட்டும் கொஞ்சம் தேய்ச்சேன்னு. அந்த பதில வச்சு தான் வண்டிய எவ்ளோ தூரம் தொடலாம்னு நாங்க முடிவு பண்றோம். வீட்ல செய்யுறவங்க யாருமே தன் வண்டிய பாத்து இந்த கேள்விய கேட்டுக்கறதில்ல, பாதி தப்பு அங்கயே ஆரம்பிச்சுடுது.

கம்பெனி பெயிண்ட்டுன்னா ஒரே பூச்சு கிடையாது. தகடு மேல துரு புடிக்காம காக்கற ஈ-கோட், அதுக்கு மேல பிரைமர், அப்புறம் கலர் குடுக்குற பேஸ் கோட், எல்லாத்துக்கும் மேல கலரே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேத்து சுமாரா 100 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு தான் ஒரு மைக்ரான்) சுத்துல தான் வரும், வண்டிக்கு வண்டி கூடும் கொறையும், அதுல கிளியர் கோட் மட்டும் 35ல இருந்து 50 மைக்ரான். ஒரு தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும், அப்ப பாத்துக்கங்க. வண்டியோட பளபளப்பு, வெயில தாங்குற சக்தி எல்லாம் அந்த மேல் பூச்சுல தான் இருக்கு. கம்பவுண்டு (அரைக்கற பேஸ்ட்) போட்டு தேய்ச்சா கீறல் "நிரம்பிடும்"னு நெறைய பேரு நெனைக்கறாங்க, நெஜத்துல நடக்கறது என்னன்னா கீறலோட அடி மட்டத்துக்கு வர்ற வரைக்கும் சுத்தி இருக்குற கிளியர் கோட்ட சீவி எடுக்கறோம், சீவுனது சீவுனது தான், திரும்ப வராது. அதனால நல்ல டீடெய்லர் ஒவ்வொரு தடவயும் யோசிக்கறது எவ்ளோ கம்மியா எடுத்து வேலைய முடிக்கலாம்னு தான், புதுசா ஆரம்பிக்கறவங்க எவ்ளோ சீக்கிரம் கோடு போகும்னு பாக்கறாங்க.

போன மழைக்காலத்துல ராமமூர்த்தி நகர்ல இருந்து ஒரு தம்பி டார்க் கிரே செடான் கொண்டு வந்தாரு. வெயில்ல பாத்தா பானெட் பூரா வட்ட வட்டமா கோடு தெரியுதுன்னு டிரில் மெஷின்ல ஃபோம் பேட் மாட்டி ரெண்டு ஞாயித்துக்கெழம தேய்ச்சிருக்காரு. நாங்க பெயிண்ட் தடிமன் அளக்கற கேஜ் வச்சு பாத்தோம், மைக்ரான் கணக்குல ரூஃப்ல 112, 110, பானெட் நடுவுல 104, 101, ஓரத்துல அந்த மடிப்பு லைன் போற எடத்துல 71. அந்த லைன் மேலயே ஒரு ரூபா காசு அளவுக்கு ஒரு எடம், மெட்டாலிக் மினுக்கே இல்லாம சப்புன்னு சாம்பல் பூத்து கெடக்கு, வெரல் வச்சு தடவுனா சுத்தி வழுக்குது, அங்க மட்டும் வழுக்கல. "அண்ணா, இன்னும் கொஞ்சம் தேய்ச்சா சரியாயிடும்ல?"ன்னு கேட்டாரு. இல்லப்பா, அங்க கிளியர் கோட் முடிஞ்சு பேஸ் கோட்டே வெளிய வந்துடுச்சு, இனிமே தேய்ச்சா பிரைமர் தான் வரும், பானெட்ட பெயிண்டர்கிட்ட குடுத்து முழுசா அடிக்கணும்னு சொல்ல வேண்டியதா போச்சு. மத்த பேனலுக்கு மட்டும் லேசா ஒரு பாலிஷ் போட்டு அனுப்புனோம். அந்த வட்டக் கோடுங்கள அப்படியே விட்டிருந்தா கூட பத்து வருஷம் வண்டிக்கு ஒண்ணும் ஆயிருக்காது, அது தான் மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு.

மடிப்பு, ஓரம், கதவு விளிம்பு இங்கெல்லாம் பேட் அழுத்தம் ஒரே கோட்டுல விழும், சூடும் அங்கயே சேரும், பெயிண்ட்டும் அங்க மெலிசா தான் இருக்கும். எங்க ஆளுங்க மெஷின் எடுக்கறதுக்கு முன்னாடியே இந்த லைன் எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டிடுவாங்க, கடைசியில டேப்ப எடுத்துட்டு அத கையாலயே லேசா முடிப்பாங்க. டேப் ஒட்டாம கருப்பு பிளாஸ்டிக் பக்கத்துல கம்பவுண்டு அடிச்சீங்கன்னா வெள்ளையா காஞ்சு அந்த சொரசொரப்புக்குள்ள போய் ஒக்காந்துக்கும், அத எடுக்கறது தனி வேலை.

சரி, கோடு எங்கிருந்து வருது? இங்க தான் நான் அதிகமா பேசணும்னு நெனைக்கறேன், ஏன்னா பாலிஷ் போடறத விட கழுவறது தான் பெயிண்ட்ட காப்பாத்தும். பெங்களூர் அபார்ட்மெண்ட்ல காலையில ஆறு மணிக்கு பேஸ்மெண்ட்ல போய் நின்னு பாருங்க, ஒரு பக்கெட்டு, ஒரு துணி, வரிசையா பத்து வண்டி. மெட்ரோ வேலை நடக்குற ரிங் ரோட்டுல இருந்து வந்த சிமெண்ட் தூசி, மண்ணு எல்லாம் வண்டி மேல கெடக்கு, அத காஞ்ச துணியால ஒரு தட்டு தட்டிட்டு அப்புறம் ஈரத்துணியால வட்டமா ஒரு தொடப்பு, மூணாவது வண்டிக்குள்ள அந்த தண்ணி காப்பி கலர்ல ஆயிடும். அந்த மணல் துணியில ஒட்டிக்கிட்டு அடுத்த வண்டி பெயிண்ட்ல தான் உருளும். நான் அந்த வேலை செய்யறவங்கள குத்தம் சொல்லல, அவங்களுக்கு குடுக்குற காசுக்கும் நேரத்துக்கும் தண்ணிக்கும் அவ்ளோ தான் செய்ய முடியும். நீங்க அவங்ககிட்ட "அண்ணா, கண்ணாடியும் உள்ள மேட்டும் மட்டும் பாத்துக்கங்க, பாடிய தொடாதீங்க"ன்னு சொல்லி அதே காச குடுத்துடுங்க. எந்த பாலிஷும் செய்யாத உபகாரம் அது. அதே மாதிரி டிக்கியில வச்சிருக்க மஞ்சத்துணி, நூல் டஸ்டர் எல்லாம் காஞ்ச தூசி மேல இழுக்கற வேலைக்கு ஆகாது.

தண்ணி பிரச்சன நமக்கு தெரியும், 2024 மார்ச்ல குடிதண்ணில வண்டி கழுவுனா 5000 ரூபா அபராதம்னு ஜல மண்டலி (பெங்களூர் குடிநீர் வாரியம்) சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பைப்ப புடிச்சு அடிக்கறது இந்த ஊர்ல சரியும் கிடையாது, அதுக்கு அவசியமும் கிடையாது. ரின்ஸ்லெஸ் வாஷ்னு, அப்புறமா தண்ணி ஊத்தி அலசத் தேவையில்லாத ஒரு திரவம் கிடைக்குது, ஒரு பக்கெட் தண்ணில அளவா கலந்து, ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிய அதுலயே ஊறப் போட்டுடணும், அதே கலவைய ஸ்ப்ரே பாட்டில்ல எடுத்து பேனல் மேல நல்லா அடிச்சு ஒரு நிமிஷம் அழுக்கு இளக விடணும், அப்புறம் துணிய நாலா மடிச்சு அழுத்தாம ஒரே திசையில ஒரு இழுப்பு, மடிப்ப திருப்பிக்கணும், அந்த துணி முடிஞ்சதும் பக்கெட்டுக்குள்ள திரும்ப போடக்கூடாது, அடுத்தது எடுத்துக்கணும். ரூஃப்ல ஆரம்பிச்சு கீழ வரணும், கதவோட அடி பாதியும் பம்பரும் கடைசி, ஏன்னா மணல் பூரா அங்க தான். சேறு அப்பிக்கிட்டு வந்த வண்டிக்கு இது பத்தாது, அத முதல்ல பிரஷர்ல அடிச்சு விடற எடத்துக்கு கொண்டு போங்க, ஆனா அங்க பசங்க ஸ்பாஞ்ச் எடுத்தா வேணாம்னு சொல்லிட்டு வெறும் தண்ணி மட்டும் அடிச்சு வாங்கிட்டு வாங்க. துணி தரையில விழுந்துச்சுன்னா அது அப்பயே டயர் துணி. மைக்ரோஃபைபர தொவைக்கும் போது வாசனைக்குன்னு கண்டிஷனர் ஊத்தாதீங்க, இழைய வழவழன்னு மூடிடும், அப்புறம் தண்ணியும் உறிஞ்சாது அழுக்கையும் புடிக்காது.

ஒயிட்ஃபீல்டு, சர்ஜாப்பூர் பக்கம் நெறைய எடத்துல போர் தண்ணி, டேங்கர் தண்ணி, அது உப்புத் தண்ணி. வெயில்ல நிறுத்தி கழுவிட்டு அப்படியே காய விட்டா கால்சியம் மக்னீசியம் வெள்ளை வட்டமா ஒக்காந்துக்கும். ரெண்டு மூணு நாள்ல கவனிச்சா வெள்ளை வினிகர பாதிக்கு பாதி தண்ணி கலந்து ஒரு துணில நனச்சு ஒரு நிமிஷம் மேல போட்டு வச்சு எடுத்தா போயிடும், உடனே நல்ல தண்ணில தொடச்சுடணும். மாசக்கணக்கா விட்டா கிளியர் கோட்டயே அரிச்சு பள்ளம் பண்ணிடும், அதுக்கு பாலிஷ் தான். பறவை எச்சமும் அப்படி தான், காஞ்சத சொரண்டாதீங்க, ஈரத் துணிய மேல போட்டு ஊற விட்டு தூக்கி எடுங்க. தூங்குமூஞ்சி மரத்து அடியில நிறுத்துனா பிசுபிசுன்னு ஒட்டறதுக்கும் இதே வழி. ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் விபூதியும் அதே தான், மறுநாள் காஞ்சு போனத கட்டை விரலால தேச்சு எடுத்தா பானெட்ல அந்த பொட்டு இருந்த எடம் வருஷம் பூரா தெரியும். மாலை கட்டறதுக்கு ஒட்டுற டேப்பையும் அன்னைக்கே எடுத்துடுங்க. பெங்களூர்ல வெயில் சுடாதேன்னு விட்டுடாதீங்க, 900 மீட்டர் ஒசரத்துல இருக்கோம், யூவி வேலைய காட்டிக்கிட்டு தான் இருக்கும்.

வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். டூத்பேஸ்ட்ல அரைக்கற பொடி இருக்கு, அதனால சின்ன கோடு மங்குற மாதிரி தெரியும், ஆனா அந்த பொடி பெயிண்ட்டுக்குன்னு அளவு பாத்து செஞ்சது இல்ல, கருப்பு வண்டில அந்த எடம் மட்டும் மங்கலா நிக்கும். பச்சை கலர் பாத்திர ஸ்கிரப்பர பத்தி நான் சொல்லவே வேணாம், ஆனா மாசத்துக்கு ஒரு வண்டியாச்சும் அப்படி வருது, தார் ஒட்டிருக்குன்னு கதவு அடியில தேய்ச்சு வெள்ளையா ஆக்கி வச்சிருப்பாங்க. தாருக்கு தார் ரிமூவர்னே கிடைக்குது, அடிச்சு கொஞ்சம் விட்டா தானா இளகி ஓடும். தின்னர் வேணவே வேணாம், பம்பர் மாதிரி ரீபெயிண்ட் ஆன எடமா இருந்தா பெயிண்ட்டயே தூக்கிடும். பாத்திரம் வெளக்கற லிக்விட் மேல இருக்குற வாக்ஸ உருவிடும், புதுசா பாலிஷ் போடப் போற அன்னைக்கு ஒரு தடவன்னா பரவால்ல, வாராவாரம் வேணாம்.

கீறல் எவ்ளோ ஆழம்னு பாக்க ஒரு சின்ன சோதனை. அந்த எடத்த தண்ணியால நனைங்க, நனஞ்சதும் கோடு மறைஞ்சா அது கிளியர் கோட்டுக்குள்ளயே இருக்கு, பாலிஷ்ல கொறையும். நனஞ்சும் வெள்ளையா தெரிஞ்சா கீழ போயிடுச்சு. நகத்த குறுக்கால ஓட்டி பாருங்க, நகம் மாட்டுனா அத முழுசா எடுக்க முயற்சி பண்ணாதீங்க, ஓரத்த லேசா மழுக்கி விட்டா வெளிச்சம் அதுல பட்டு மின்னாது, ரெண்டடி தள்ளி நின்னா தெரியாது. டீடெய்லருங்க இப்படி எத்தனையோ கோட்ட வேணும்னே விட்டுட்டு வர்றாங்க, கஸ்டமருக்கு காட்டி சொல்லிட்டே விடுவாங்க. நூறு சதவீதம் எடுக்கணும்னு அடம் புடிச்சா தான் வண்டி கெடும்.

மெஷின் எடுக்கறதுக்கு முன்னாடி பெயிண்ட் மேல ஒட்டிருக்குறத எடுக்கணும், இத நெறைய பேரு தாண்டிடறாங்க. கைய ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவருக்குள்ள விட்டு கழுவுன பானெட் மேல தடவி பாருங்க, சொரசொரன்னு இருந்தா பிரேக் தூசி, சிமெண்ட், தார் எல்லாம் குத்திக்கிட்டு நிக்குது. அயர்ன் ரிமூவர் அடிச்சா இரும்புத் தூள் இருக்குற எடம் ஊதாவா மாறி ஒழுகும், நல்லா கழுவிட்டு அப்புறம் கிளே பார் (களிமண் மாதிரி பிசையற கட்டி), வழுக்கறதுக்கு லூப்ரிகண்ட் தாராளமா அடிச்சு அழுத்தாம தேய்க்கணும், கிளே கீழ விழுந்தா தூக்கி போட்டுடுங்க, காச பாக்காதீங்க. இத செய்யாம பாலிஷ் பண்ணா அந்த தூளே பேட்ல சிக்கி புது கோடு போடும்.

மெஷின பத்தி சொல்லணும்னா, ஆங்கிள் கிரைண்டர்ல பஃபிங் பேட் மாட்டறத தயவு செஞ்சு நிறுத்துங்க, சாதாரண நாலு இஞ்ச் கிரைண்டர் 11000 ஆர்பிஎம் பக்கம் சுத்தும், பெயிண்ட் வேலைக்கு ஒரே அச்சுல சுத்தற ரோட்டரி பாலிஷரையே நாங்க 600ல இருந்து 2000க்குள்ள தான் ஓட்டறோம். வீட்ல செய்யறவங்களுக்கு டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் தான் சரி, அது சுத்திக்கிட்டே ஆடும், சூடு ஒரே எடத்துல சேராது, அழுத்தி புடிச்சா சுத்தறத நிறுத்திக்கும். ரோட்டரில வுல் (கம்பளி) பேட் போட்டு பழக்கமில்லாம ஓட்டுனா கோடு போன மாதிரி தெரியும், வெளிய வெயில்ல எடுத்து நிறுத்துனா அலை அலையா நிழலாட்டம் நகரும், ஹோலோகிராம்னு சொல்றது அத தான்.

பானெட்ல ஒரு ரெண்டடிக்கு ரெண்டடி கட்டம் டேப் ஒட்டி பிரிச்சுக்கங்க. முதல்ல மெத்துன்னு இருக்குற பேட், ஃபினிஷிங் பாலிஷ், அதுவே போதுமான்னு பாருங்க. போதலன்னா பேட்ட மட்டும் ஒரு படி ஏத்துங்க, அப்பவும் போதலன்னா தான் கம்பவுண்டு. பாலிஷ் பட்டாணி அளவுல நாலு சொட்டு போதும், மெஷின மெதுவா நகத்தணும், ஒரு செகண்டுக்கு ஒரு இஞ்ச்சு வாக்குல, குறுக்க நெடுக்க நாலு தடவ, ஒவ்வொரு வரியும் பக்கத்து வரிய பாதி மூடணும். கட்டம் முடிஞ்சதும் பேட்ட பிரஷ் போட்டு சுத்தம் பண்ணுங்க, அடைச்ச பேட் வெட்டாது, சூடு மட்டும் ஏத்தும். பொறங்கைய பேனல் மேல வச்சு பாருங்க, கை எடுக்கற அளவு சூடா இருந்தா நிறுத்தி ஆற விடுங்க. வெயில்ல நின்ன வண்டில ஆரம்பிக்கவே கூடாது, பாலிஷ் காஞ்சு மாவா பறக்கும். பிளாஸ்டிக் பம்பர்ல இன்னும் ஜாக்கிரத, சூடு வெளிய போகாது, சாதாரண கேஜும் அங்க அளக்காது.

ஒரு கட்டம் முடிஞ்சதும் "ஆஹா"ன்னு போட்டோ எடுத்துடாதீங்க. பாலிஷ்ல இருக்குற எண்ணெயும் ஃபில்லரும் (கீறல தற்காலிகமா நிரப்பற பொருள்) கீறல மூடி வச்சிருக்கும், நாலு வாஷ் ஆனதும் எல்லாம் திரும்ப எட்டிப் பாக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால தண்ணி கலந்து அடிச்சு தொடச்சுட்டு, எல்இடி டார்ச்ச சாய்ச்சு புடிச்சு பாருங்க, அது தான் நெஜமான பெயிண்ட். பேஸ்மெண்ட் டியூப்லைட்ல எல்லா வண்டியும் நல்லா தான் தெரியும்.

பேட்ல வண்டி கலர் ஒட்டுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. பழைய மாருதி 800, அம்பாசடர் மாதிரி வண்டிங்கள்ல பெரும்பாலும் கிளியர் கோட் இல்லாத சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்ட், அதுல கலர் ஒட்டறது சகஜம், வெளுத்துப் போன அந்த பெயிண்ட் தான் பாலிஷுக்கு ரொம்ப அழகா திரும்ப வரும். கிளியர் கோட் வண்டில கலர் ஒட்டுனா அந்த நொடியே நிறுத்திடணும். ரூஃப்லயும் பானெட்லயும் வெள்ளையா செதில் செதிலா உரியுதுன்னா கிளியர் கோட் செத்துப் போச்சு, அதுக்கு எந்த பாலிஷும் கிடையாது, அங்க பாலிஷ் போட்டு காச வாங்கறவங்க உங்கள ஏமாத்தறாங்க. பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ் பெயிண்ட்ட பாலிஷே பண்ணக்கூடாது, திட்டு திட்டா பளபளன்னு ஆயிடும், மாத்த முடியாது.

வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டு தேய்க்கற உப்புத்தாள், நம்பர் கூட கூட நைசு) விஷயம். ஆழமான கோட்டுக்கு 1000 பேப்பர எடுத்து விரல் நுனியால தேய்க்கறாங்க, விரல் அழுத்தம் ஒரே கோடா விழுந்து கால்வாய் வெட்டிடும். நாங்க தொடறதே அபூர்வம், தொட்டாலும் கேஜ் பாத்துட்டு, 2000 இல்லன்னா 3000 நம்பர்ல, ஒரு சின்ன கட்டைக்கு மேல சுத்தி, சோப்புத் தண்ணில, நாலஞ்சு இழுப்புக்கு ஒரு தடவ தொடச்சு பாத்து தான். கேஜ் இல்லன்னா வீட்ல இத செய்யாதீங்க. ஹெட்லைட் மஞ்சளானதுக்கு வேணா பேப்பர் போடலாம், ஆனா போட்டு முடிச்சதும் யூவி கோட்டிங் கண்டிப்பா போடணும், இல்லன்னா சில மாசத்துல முன்ன விட மோசமா மஞ்சளாயிடும்.

கல்லு பட்டு பெயிண்ட் தெறிச்ச எடத்துக்கு டச்சப் பண்றது வீட்ல தாராளமா செய்யலாம். வண்டியோட கலர் நம்பர் கதவு தூண் ஸ்டிக்கர்லயோ பானெட் உள்ள பிளேட்லயோ இருக்கும், அத போட்டோ எடுத்துட்டு, பெங்களூர்ல வண்டி சாமான் கடைங்க இருக்குற ஜேசி ரோட்டுல கேளுங்க. பாட்டில் கூட வர்ற பிரஷ் பெரிசு, பல்குச்சி நுனில தொட்டு பள்ளத்துக்குள்ள மட்டும் வைங்க, மெல்லிசா ரெண்டு மூணு தடவ, ஒவ்வொண்ணும் காஞ்சதும். ஒரே தடவ ரொப்புனா மேடு கட்டிக்கும். மெட்டாலிக், பேர்ல் கலருக்கு ஸ்ப்ரே கேன் எடுத்து பேனல் நடுவுல அடிக்காதீங்க, எந்த வெளிச்சத்துல பாத்தாலும் அந்த வட்டம் தெரியும், பெயிண்டரே பக்கத்து பேனல் வரைக்கும் கலர கொஞ்சம் கொஞ்சமா கலக்க விட்டு (பிளெண்ட்) பண்ணி தான் தப்பிக்கறாரு. ஹார்டனர் கலந்து அடிக்கற டூ-கே கிளியர் கோட்ல ஐசோசயனேட்னு ஒரு ரசாயனம் இருக்கு, துணி மாஸ்க் போட்டுக்கிட்டு மூடுன பார்க்கிங்ல அத அடிக்கறது நுரையீரலுக்கு நேரடி ஆபத்து, அத சரியான மாஸ்க்கும் பூத்தும் வச்சிருக்க பெயிண்டர்கிட்ட விட்டுடுங்க. டேஷ்போர்டுக்கு அடிக்கற சிலிகான் ஸ்ப்ரே பாடில பட்டிருந்தா டிங்கரிங் பெயிண்டிங் குடுக்கும் போது மறக்காம சொல்லுங்க, இல்லன்னா புது பெயிண்ட் கண்ணு கண்ணா விலகி குழி விழும். பெயிண்ட் அடிச்சு வந்த பேனல்ல ஒரு மாசத்துக்காச்சும் வாக்ஸோ கோட்டிங்கோ போடாதீங்க, உள்ள இருக்குற சால்வெண்ட் வெளிய வரணும்.

கிளியர் கோட் மேல பூசற செராமிக் கோட்டிங் கீறல மறைக்காது, இருக்குற கீறல அப்படியே கண்ணாடி போட்டு காட்டும், அதனால சரி பண்ணிட்டு தான் போடணும். அதோட கடினத்த 9ஹெச்னு சொல்றது பென்சில் அளவு, பாறைய அளக்கற மோஸ் அளவு இல்ல, சாவில கிழிச்சா கிழியும், கல்லு பட்டா தெறிக்கும். கல்லுக்கு பிபிஎஃப் (பெயிண்ட் மேல ஒட்டற பாதுகாப்பு ஃபிலிம்) தான், அது 150ல இருந்து 200 மைக்ரான் தடிமன் வரும், கோட்டிங் சுமார் ஒண்ணு ரெண்டு மைக்ரான். வீட்ல கோட்டிங் போட்டா தொடைக்க விட்டுப் போன எடம் கருத்த திட்டா இறுகிடும், அத எடுக்க திரும்ப பாலிஷ், அதாவது திரும்ப கிளியர் கோட்.

வெளிய குடுக்கறதா இருந்தா விலைய கேக்கறதுக்கு முன்னாடி கேஜ் ரீடிங் எடுப்பீங்களான்னு கேளுங்க. ஒவ்வொரு பேனல்லயும் நாலஞ்சு எடம் அளந்து, பாலிஷ் முன்னாடி பின்னாடி ரெண்டையும் போட்டோவோட குடுக்கச் சொல்லுங்க. 200க்கு மேல வந்தா அந்த பேனல் ரீபெயிண்ட்னு சந்தேகப்படலாம், 500 தாண்டுனா கீழ பட்டி இருக்கும், செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கறப்பயும் இது ஒதவும். பானெட்ல ஒரு கட்டம் மட்டும் டெஸ்ட் ஸ்பாட் போட்டு, ஆல்கஹால் தொடச்சு, வெளிய வெயில்ல காட்டுங்கன்னு கேளுங்க. நல்ல ஆளா இருந்தா சந்தோஷமா செய்வாரு. அந்த ரீடிங் தாள வண்டி பேப்பரோட போட்டு வைங்க, அடுத்த தடவ பாலிஷ் போடறவருக்கு முதல்ல அத காட்டுங்க.